முப்பத்தாறு எட்டில் பூமி

என் பக்கத்தில் உட்காரும் தோழியை வகுப்பில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம் அவளால் உட்கார முடியாது. அன்று டீச்சர் பொறுமை இழந்துவிட்டார்.

"சூரியனுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம்? மூணு நாளா இதே கேள்வி! இன்னைக்கு மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லலைன்னா, நாளையிலேர்ந்து நீ அடுத்த பிரிவு."

புத்தகத்தில் சூரியனும் பூமியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒட்டி நின்றன. கீழே ஒரு பெரிய எண், ரயில் வண்டி போலப் பூஜ்யங்கள்.

"மண்டையில ஏறவே மாட்டேங்குதுடி" என்றாள் பம்பரம். கண் கலங்கியிருந்தது. அவள் இல்லாத பெஞ்சை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று கேட்டால் பட்டென்று சொல்வாள். நடந்து பார்த்த எதுவும் அவளுக்கு மறக்காது. நான் எழுந்தேன்.

"டீச்சர், அவ நடந்து பாக்கட்டுமே."

"சூரியனுக்கா?"

வகுப்பே சிரித்தது.

"மைதானத்துல, டீச்சர். எல்லாத்தையும் சின்னதா வச்சு."

டீச்சர் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அலமாரியிலிருந்து கால்பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மைதானத்து மூலையில் பந்தை வைத்தார். "இது சூரியன்னா, பூமி இவ்வளவுதான்." அவர் விரல் நுனியில் முறிந்த பென்சில் முனை ஒன்று இருந்தது. "நடுவுல நூத்தியேழு பந்து வரிசையா வைக்கணும்."

"ஒரு பந்துதானே இருக்கு!" என்றான் ஒருவன்.

பம்பரம் பந்தைத் தள்ளித் தள்ளி வைத்துத் தன் எட்டோடு அளந்தாள். "ஒரு எட்டுக்கு மூணு பந்து. அப்போ முப்பத்தாறு எட்டு!"

அவள் நடந்தாள். நாங்கள் எண்ணிக்கொண்டே பின்னால் போனோம். முப்பத்தாறில் நின்று, டீச்சரிடம் வாங்கிய பென்சில் முனையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா நாம எல்லாரும் இருக்கோம்?"

நாங்கள் அவள் கையைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம்.

"கடைசிக் கிரகம் நெப்டியூன் எங்க, டீச்சர்?" என்றாள் பம்பரம்.

"இதைப் போல முப்பது மடங்கு தூரம்."

"ஆயிரத்து எண்பது எட்டு!" மதிலுக்கும் தெருவுக்கும் அப்பால் தெரிந்த பாலத்தைக் காட்டினாள். "அங்க வரும். நடுவுல என்ன இருக்கும்?"

"பெரும்பாலும் காலிதான்" என்றார் டீச்சர் மெதுவாக. "பத்து வருஷமா இந்தப் பாடத்தை நடத்தறேன். இவ்வளவு காலின்னு இன்னைக்குத்தான் எனக்கே உறைக்குது."

மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

"டீச்சர், நாளைக்கு நான் எந்தப் பிரிவுல உட்காரணும்?" என்று கேட்டாள் பம்பரம்.

"உட்காரறதா?" டீச்சர் இன்னும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நிலாப் பாடம். நீ முன்னாடி நட, நாங்க பின்னாடி வர்றோம்."