ஓநாயை மறுபடி எடுக்காதே!

கவிநிலாவின் செல்போன் காலை பத்தே காலுக்கு அடித்தது.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகம். ஒப்பந்த வேலை. மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவள் எரிச்சலோடு எடுத்தாள்.

"ஃபேஸ்புக்ல 'ஓநாய்ப் பங்களா ரசிகர்கள்'னு பக்கம் நடத்தறது நீதானேம்மா?"

"ஆமாங்க. நீங்க?"

"இன்ஸ்பெக்டர் தருமன். டைரக்டர் அன்பரசனை நேத்து ஊருக்கு வெளிய லாட்ஜ் ரூம்ல கொன்னுட்டாங்க. கழுத்துல அஞ்சு நகக் கீறல். ஷூட்டிங்குக்குச் செஞ்ச ஓநாய்க் கை பக்கத்துலயே கிடக்குது. நீயே ஸ்டேஷனுக்கு வர்றியா... ஜீப் அனுப்பட்டுமா?"

"நானே வர்றேன் சார்," என்று கவிநிலா கம்ப்யூட்டரை அணைத்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கட்டைவிரலால் கெட்டிருந்தாள்!

'ஓநாய்ப் பங்களா' இதே ஊரில் எடுத்த, நாற்பது வருடப் பழைய படம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாக மாறும் ஒரு மனிதனின் கதை. அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். அதை அன்பரசன் மறுபடி எடுக்கிறார், அதுவும் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலேயே எடுக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, ஆத்திரத்தில் எழுதிவிட்டாள்.

'இதை ரீமேக் பண்றவர் அடுத்த பௌர்ணமி நிலாவைப் பார்க்கக் கூடாது.'

நேற்று பௌர்ணமி.

அன்பரசன் செத்தது மாலை நாலு மணிக்கு. நிலா எழும்பியிருக்கவில்லை...

ஸ்டேஷனில் தருமன் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார். கிரிவலப் பந்தோபஸ்து முடிந்து இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னலோரம் தயாரிப்பாளர் பலராமன். சேதி கேட்டு விடியற்காலையில் சென்னையிலிருந்து ஓடி வந்தவராம். போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தார்.

"உக்காரும்மா. ஒரு சினிமாவுக்கா இவ்ளோ கோவம்?"

"பழைய படத்துல ஓநாயை முழுசா காட்டவே மாட்டாங்க சார். சுவத்துல நிழல், கதவுல கீறல், அவ்ளோதான். மீதி பயம் நம்மளது. இவங்க கம்ப்யூட்டர்ல ஓநாயைச் செஞ்சு, போஸ்டர்லயே பல்லைக் காட்ட வச்சுட்டாங்க. கோவத்துல எழுதிட்டேன். கொல்லச் சொல்லல சார்."

"நீ சொல்லல. உன் ஆளு செஞ்சுட்டான். சடையன்னு ஒருத்தன், நேத்து நாலு பத்துக்கு உன் பதிவுக்குக் கீழயே எழுதியிருக்கான். படி."

படித்தாள்.

'தலைவி சொன்னதைச் செஞ்சுட்டேன். டைரக்டர் கதை முடிஞ்சது. இப்ப அடி அண்ணாமலை வழியா பைக்ல வீட்டுக்குப் போயிட்டிருக்கேன். நம்ம ஊரு ஓநாயைத் தொட்டா இதான் கதி.'

தலைவி சொன்னதை...

வேலை போகும். ஜெயிலும் வரும். அதெல்லாம்கூட இருக்கட்டும். தான் எழுதிய ஒரு வரிக்காக ஒரு மனிதன் செத்திருந்தால், அதைச் சுமந்துகொண்டு எப்படிச் சோறு தின்பது?

"யாரும்மா இவன்?"

"பார்த்ததே இல்ல சார். ஆறு மாசமா என் ஃபேஸ்புக் பக்கத்துல இருக்கான். ஜாஸ்தி உசுப்பேத்தறதே இவன்தான்."

"உள்ளூர்க்காரன். உனக்குத் தெரியாம இருக்குமா?"

அவள் மறுபடி படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்... நேத்து கிரிவலப் பாதையில பைக்கை விட்டீங்களா?"

தருமன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சைக்கிளைக்கூட விடலையே. அடி அண்ணாமலையில தடுப்பு போட்டு நின்னதே நான்தான். தூக்கம் இல்லாம மண்டை வேலை செய்யலம்மா."

"நம்ம ஊர்க்காரன் பொய் சொல்லணும்னாகூட இதைச் சொல்ல மாட்டான் சார். பௌர்ணமியில இந்த ஊரு எப்படி இருக்கும்னே தெரியாதவன் எழுதினது இது."

தருமன் குரலைத் தாழ்த்தினார்.

"அவனை உன் போன்லேர்ந்து கூப்பிட முடியுமா?"

"மெசஞ்சர்ல கூப்பிடலாம் சார்."

திறந்தாள். தெரியாதவர்கள் அனுப்பிய செய்திகளின் வரிசையில், அவள் இதுவரை பார்க்காத ஒன்று... அனுப்பியவர் அன்பரசன்! முந்தாநாள் அனுப்பியிருந்தார்.

'நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன். திட்டினதையும்தான். நிழல் போதும்னு சொல்லியிருந்தீங்க. சரிதான். இந்தப் படத்தை நான் எடுக்கக் கூடாது. நாளைக்குத் தயாரிப்பாளர் இங்க வர்றார். நிறுத்திடலாம்னு சொல்லப் போறேன். இப்ப கோவம் தீர்ந்துதா?'

எழுத்துகள் கலங்கின. போனைத் தருமனிடம் காட்டினாள்.

அவர் படித்தார். ஜன்னலோரம் ஒரு பார்வை பார்த்தார்.

"சடையனைக் கூப்பிடும்மா."

கூப்பிட்டாள்.

பலராமன் காதில் ஒரு போனை வைத்து அழுதுகொண்டிருந்தார். அவர் பேண்ட் பாக்கெட்டில் இன்னொரு போன் அடித்தது.

அழுகை நின்றது.

"எடுங்க சார், உங்களுக்குத்தான்," தருமன் எழுந்து வந்தார். "லைக் எத்தனை விழுதுன்னு பார்க்க ஆன்லயே வச்சிருந்தீங்களா?"

"இன்ஸ்பெக்டர்... இது வந்து..."

"நேத்து சென்னையில இருந்தேன்னு சொன்னீங்க. நீங்க இங்க வர்றதா அன்பரசன் எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு."

பலராமன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"பாதிப் படத்துல நிறுத்தறேன்னான் சார். ரசிகர்கள் சொல்றதுதான் சரியாம். அந்த ரசிகர்கள்ல பாதிப் பேரு நான்தான் சார்! விளம்பரத்துக்காகப் பொய்ப் பேர்கள்ல என் படத்தை நானே திட்டிக்கிட்டிருந்தேன். அதை நம்பிட்டான். அவன் செத்தா... கடைசிப் படம்னு கூட்டம் வரும், வேற ஆளை வச்சு முடிச்சுடலாம்னு..."

ஜெயில் இல்லை. வேலை போகவில்லை. ஆனாலும் கவிநிலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நான் சொன்னதை உருப்படியா காதுல வாங்கினவரு அவர் ஒருத்தர்தான் சார். வாங்கினதுக்கே கொன்னுட்டாங்க. அவருக்கு நான் ஒரு பதில்கூடப் போடல."

தருமன் அவள் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். பலராமன் தயங்கித் தயங்கித் திரும்பினார்.

"சார்... படம் ரிலீஸாயிடும்ல?"

"தாராளமா ஆகும்," என்றார் தருமன். "நீங்க வெளியே வர்றதுக்குள்ள யாராவது அதையும் ரீமேக் பண்ணிடுவாங்க!"