செல்லப்பன் மிதித்த அம்பாரம்

ஜெயசீலன் செல்லப்பனுக்குத் தர வேண்டியது ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய். பதினெட்டு வருஷமாகியும் அதில் ஒரு ரூபாயைக் கூடச் செல்லப்பன் மறக்கவில்லை. இரண்டு கோடை உப்பு வாரிச் சேர்த்த கூலி அது. பாண்டிச்சேரியில் ஒரு பழைய டிரம் செட் வாங்கி வரச் சொல்லிச் சிநேகிதன் கையில் கொடுத்தான். மறுநாள் சிநேகிதனும் இல்லை, காசும் இல்லை. "பம்பாய்க்கு ஓடிட்டான்டா, பஸ்ஸுல ஏறினத எங்காளு பார்த்திருக்கான்" என்று, கூட வாசித்த பஞ்சநாதன்தான் வந்து சொன்னான். அதற்குப் பிறகு செல்லப்பன் எவனுக்கும் கடன் கொடுக்கவில்லை, எவனையும் சிநேகிதன் என்று கூப்பிடவும் இல்லை.

2005 வைகாசியில், மரக்காணம் உப்பளத்து வரப்பில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. கூனிமேட்டில் கேசட் கடை வைத்திருக்கும் முஜீப் ரஹ்மான். தோளில் டேப் ரெக்கார்டர்.

"'உவர்'னு ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்துச்சே, அதுல டிரம்ஸ் அடிச்ச செல்லப்பன் அண்ணன் நீங்கதானே?"

"டிரம்ஸா? மண்ணெண்ணெ டின்னு பாய் அது. அடிச்சா ஊரு நாயெல்லாம் உப்பங்கழி தாண்டி ஓடும்."

முஜீப் சிரித்தான். ஹார்ட்கோர் பங்க் என்றால் அவனுக்கு உயிர். ஒரு நிமிஷத்தில் ஆரம்பித்து, தொண்டை கிழியக் கத்தி, முடிந்துவிடுகிற பாட்டு. ஆரோவில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கேசட்டுகளில் பிடித்த பித்து. எண்பதுகளில் இந்தக் கரையில் அப்படிக் கத்திய கோஷ்டிகளைத் தேடித் தேடி எழுதி, ஜெராக்ஸ் எடுத்துச் சிநேகிதர்களுக்கு அனுப்புவான். உவரின் ஒரே கேசட் பழைய சாமான் மூட்டையில் அவனுக்குக் கிடைத்திருந்தது. பதினோரு பாட்டு, பன்னிரண்டு நிமிஷம்.

"பாட்டுக்காரர் ஜெயசீலன பத்திக் கொஞ்சம்..."

"திருட்டு நாயி. அவன் பேர எழுதினியோ, வரப்பத் தாண்ட மாட்ட."

"சரிண்ணே, பேரு வேணாம். நீங்க வாசிச்ச எடத்தயாச்சும் காட்டுங்க."

இடம் பஞ்சநாதன் வீட்டு உப்புக் கொட்டகை. அன்றைக்கு கிடார் வாசித்த பஞ்சநாதன் இன்றைக்கு அளத்து முதலாளி. செல்லப்பன் அவனிடம் நாள் கூலி. கொட்டகையை அவன் யாருக்கும் திறந்துவிடுவதில்லை. ஆனால் அன்று பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். செல்லப்பன் பூட்டைப் பிடித்து இழுத்ததும், உப்பு தின்ற இரும்பு கையோடு வந்துவிட்டது.

உச்சி வெயில். வெளியே பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தியது. உள்ளே கால் வைத்ததும் ஒன்றுமே தெரியவில்லை. அத்தனை வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு அந்த இருட்டு சாக்குப்பை போட்டு மூடியது போல் இருந்தது. ஈர இரும்பின் வாடை. எங்கேயோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

மெல்ல மெல்ல மூலையில் அம்பாரம் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மேல், பாறையாய் இறுகிப்போன உப்புக் குவியல்.

"இத ஏண்ணே விக்கல?"

"மண்ணு கலந்த உப்புன்னு சொல்லுவான்."

சொல்லும்போதே செல்லப்பனுக்கு எங்கேயோ இடித்தது. மழைக்கு முன்னால் விற்றுத் தீர்க்காத உப்பு எந்த அளத்திலும் இருக்காது. இது பதினெட்டு மழையைப் பார்த்துவிட்டது. மார்கழியில் சுனாமித் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்து அடிப்பக்கத்தைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது.

இதைக் கட்டியது செல்லப்பன்தான். ஜெயசீலன் ஓடிய சேதி வந்த அதே காலை. இரட்டைக் கூலி தருகிறேன் என்றான் பஞ்சநாதன். உள்ளே ஏற்கெனவே இடுப்பளவு உப்பு கொட்டியிருந்தது. அதன் மேல் நாற்பது கூடை சுமந்து கொட்டி, உப்பு சரியாதபடி மேலே ஏறி மிதித்தான். அம்பாரம் மிதிக்கும்போது பாட்டு பாடுவார்கள். அன்றைக்கு அவன் பாடவில்லை. மிதிக்கு ஒரு முறை ஜெயசீலனைத் திட்டினான்.

முஜீப் கேசட்டைப் போட்டான். 'அரைக்கூலி' என்ற பாட்டு. பஞ்சநாதனின் அப்பா கூலியில் பாதியை முழுங்குவதைப் பேர் சொல்லிக் கத்துகிற பாட்டு. அளத்துக் கூலியாள்கள் முன்னால் இதைப் பாடியே தீருவேன் என்று ஜெயசீலன் நின்றான். பஞ்சநாதன் கூடாது என்றான். அவர்களுக்குள் கடைசியாகச் சண்டை வந்தது அதற்குத்தான்.

பாட்டு முடிந்தது. முஜீப் பட்டனை அழுத்தி நிறுத்தினான்.

குரல் நிற்கவில்லை.

முஜீப் பேட்டரியைக் கழற்றினான். கழற்றியவை தரையில் உருண்டன.

குரல் நிற்கவில்லை. டேப்பிலிருந்து வரவில்லை அது. உப்பிலிருந்து வந்தது.

கத்தல் தேய்ந்து, இரைப்பாகி, மூச்சாகியது.

"செல்லா..."

"யா அல்லாஹ்! அண்ணே, வாங்க போயிடலாம்."

செல்லப்பன் நகரவில்லை. அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான்.

"செல்லா... மிதிக்காதடா."

அம்பாரத்தின் அடி நெகிழ்ந்து சரிந்தது. முதலில் ஒரு கை. கருவாடாய் உலர்ந்து, விரலில் நகம் கூட உதிராமல். பிறகு தோள். பிறகு திறந்த வாய், தொண்டை வரைக்கும் உப்பு நிரம்பி. சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பத்தும் இருபதுமாக நோட்டுகள், செல்லப்பன் தன் கையால் ரப்பர் பேண்ட் போட்ட அதே கட்டு.

செத்தவன் வாய்க்குள் உப்பு எப்படி அத்தனை தூரம் போகும்? மூச்சு இழுத்தால்தான் போகும்.

செல்லப்பன் குனிந்து, அன்றைக்கு மிதித்த தன் பாதங்களைப் பார்த்தான்.

சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்தது. கல்யாணப் பந்தியிலிருந்தே பஞ்சநாதனை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷனில் செல்லப்பனைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சண்டையில அடிச்சதுல அவன் செத்துட்டான்னுதான் நெனச்சேன்டா" என்று முணுமுணுத்தான்.

"என்னய வச்சு மூடினியேடா, பாவி! பதினெட்டு வருஷம் உன் உப்புலயே நிக்க வச்சியே!"

எழுத்தர் பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தார். "ஆயிரத்து நூத்தி எம்பது இருக்குது. உன் காசுன்னா எழுதிக் குடு, கேஸ் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்."

"வேணாங்க. அவன் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. கடனத் தள்ளிட்டேன்னு எழுதிக்குங்க."

எழுத்தர் எழுதினார். செல்லப்பன் கையெழுத்துப் போட ஓர் அடி முன்னால் வைத்தான்.

"மிதிக்காதடா."

சிமெண்டுத் தரையிலிருந்து, வெறுங்காலுக்கு நேர் கீழே.

எழுத்தர் நிமிரவில்லை. வேறு யாரும் திரும்பவில்லை. செல்லப்பன் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டான். எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒற்றைக் காலில் நின்றபடியே, கடனைத் தள்ளிக் கையெழுத்துப் போட்டான்.