புல் முளைக்காத ஆறடி

போன் அடித்தபோது இன்ஸ்பெக்டர் ஈவாஞ்சலின் முதல் இட்லியில் ஒரு விள்ளலை வாயில் போட்டிருந்தாள்.

எடுத்தாள். கேட்டாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

அன்றைக்கு அவள் சாப்பிட்டது அந்த ஒரு விள்ளல்தான். அதுவும் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது.

ஏனென்றால்...

குழிக்குள் கிடந்தவன் அழுகியிருக்கவில்லை!

அழுகியிருந்தால் பரவாயில்லை. பதினைந்து வருட சர்வீஸில் அவள் பார்க்காத பிணமா? இது வேறு. உப்புக்குள் கிடந்து வற்றி, தோல் பழுப்பேறி, உதடு சுருங்கிப் பல் வெளியே தெரிந்தது. மீசை அப்படியே இருந்தது. நெற்றிப் பொட்டில் பிளந்த காயமும் அப்படியே இருந்தது.

ஒரு மனிதனைக் கருவாடு போட்டிருந்தார்கள்.

வீடு, தூத்துக்குடி ஹார்பர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். கேட்டில் 'விற்பனைக்கு' போர்டு. உரிமையாளர் லிங்கராஜ், உப்பு வியாபாரி.

வீட்டைச் சுற்றிப் புதுத் தோட்டம். கார்ப்பெட் புல். குரோட்டன்ஸ் வரிசை. பைபர் மான் பொம்மை இரண்டு. ஒரு ஊஞ்சல். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத ஊரில், லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றி வளர்த்த பச்சை. வீட்டைப் பார்க்க வந்த கோயம்புத்தூர் பார்ட்டி, தோட்டம் இருந்தால் பத்து லட்சம் அதிகமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. புல்லில் ஒரு இடத்தில்கூட மண் தெரியும் திட்டு இருக்கக் கூடாது.

எல்லா இடமும் பச்சையானது.

மதில் ஓரமாக ஆறடி நீளம், மூன்றடி அகலம் மட்டும் ஆகவில்லை.

தோட்டக்காரர் பொன்னுதுரை, ஆழ்வார்திருநகரிக்காரர், நடந்ததைச் சொன்னார். அந்த இடத்தில் நாலு தடவை புல் பதித்தாராம். நாலு தடவையும் கருகிவிட்டதாம். மண்ணை மாற்றலாம் என்று கேட்டால், செப்டிக் டேங்க் பைப் போகிறது, தோண்டாதே, மேலாகவே பதி என்று முதலாளி ஒவ்வொரு தடவையும் தடுத்தாராம். இன்றைக்கு முதலாளி திருச்செந்தூருக்கு சாமி கும்பிடப் போயிருந்தார். வேலையை ஒழுங்காக முடிக்காமல் சம்பளம் வாங்கப் பொன்னுதுரைக்குக் கூச்சம். மண்வெட்டியைப் போட்டார்.

ஒரு அடியில் வெள்ளையாக உப்பு.

இரண்டடியில் இன்னும் உப்பு.

மூன்றாவது அடியில்... ஐந்து விரல்கள்.

"கத்துனேம்மா. ஆத்தங்கரையில பொறந்தவன், தோண்டுனா பழைய தாழி கெடைக்கிற ஊரு, எலும்பு மண்டையோடுன்னா பயப்பட மாட்டேன். இது தோலோட கெடக்கு..."

வீட்டின் பின்கட்டு அறையிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். செல்லத்தாய். லிங்கராஜின் அண்ணன் வன்னியபெருமாளின் மனைவி. அந்த அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரோ ஒருத்தியோடு ஓடிப்போய்விட்டதாக ஊரே பேசியது. பேச வைத்தவன் லிங்கராஜ். அன்றிலிருந்து கோயில், கடை, கல்யாண வீடு எங்கே போனாலும் செல்லத்தாய்க்கு ஒரே பெயர்தான். ஓடிப்போனவன் பொண்டாட்டி.

அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரரு ஓடிப்போவல." நிமிர்ந்தாள். "எழுதிக்கோங்க மேடம். இவரு எங்கயும் ஓடிப்போவல."

ஹெட் கான்ஸ்டபிள் நேசக்குமார் எழுதினார். எழுதும்போது அவருக்கும் கண் கலங்கியது.

அப்போது கார் வந்து நின்றது.

நெற்றி நிறைய திருநீறு, கையில் இலை விபூதிப் பொட்டலம். லிங்கராஜ் இறங்கி வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அப்புறம் இன்ஸ்பெக்டரிடம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டான்.

"சனிக்கிழமை பார்ட்டி வாராங்க மேடம். இது பேப்பர்ல வராமப் பாத்துக்கிட முடியுமா?"

ஈவாஞ்சலினுக்கு மறுபடியும் குமட்டியது. இந்தத் தடவை பிணத்தால் அல்ல.

"செத்துக் கெடக்கது உங்க அண்ணன்."

"தெரியுது மேடம்." சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தான். அண்ணனுக்கும் மதினிக்கும் தினமும் சண்டையாம். அண்ணன் கடைசியாக இருந்தது மதினியோடுதானாம். பின்கட்டை விட்டுப் போகமாட்டேன் என்று மதினி பிடிவாதம் பிடித்ததன் காரணம் இப்போதுதான் அவனுக்குப் புரிகிறதாம்.

"உப்பு ஏது அவங்களுக்கு?"

"உப்புக் குடும்பம் மேடம். எங்க வீட்டுல உப்புக்கா பஞ்சம்?"

செல்லத்தாய் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈவாஞ்சலினுக்குச் சங்கடமாக இருந்தது. அவன் சொல்வதில் பாதி நிஜம். இவள் இங்கேதான் குடியிருந்தாள், இவள் கணவன்தான் செத்திருக்கிறான், உப்பு யார் கைக்கும் எட்டும் ஊர் இது. இன்றைக்கு சாயங்காலம் இவளை ஜீப்பில் ஏற்ற வேண்டி வந்தாலும் வரும்.

சரி, இடத்தைப் பார்த்து எழுதும் மகஜரையாவது முடிப்போம் என்று நேசக்குமாரைக் கூப்பிட்டாள். குழியின் அளவு, பிணத்தின் நிலை, உடம்பில் இருந்த துணி எல்லாம் எழுதியாயிற்று. உப்பு எவ்வளவு என்று எழுதுவதற்காக அவர் பொன்னுதுரையிடம் கேட்டார்.

பொன்னுதுரை குழியை எட்டிப் பார்த்தார். "ஒரு ரெண்டு மூட்டை இருக்கும் அய்யா."

இருபத்தைந்து வருடம் உப்பிலேயே புரண்டவன் லிங்கராஜ். உப்பின் அளவை எவனாவது தப்பாகச் சொன்னால் அவனால் பொறுக்க முடியாது.

"ரெண்டு மூட்டை எந்த மூலைக்குடே? ஒரு ஆளுக்கு ஆறு மூட்டையாவது வேணும். அடியில ரெண்டு பரத்தணும், மேல நாலு. இல்லன்னா நாறிரும்லா?"

ஈவாஞ்சலின் திரும்பி அவனைப் பார்த்தாள்.

நேசக்குமாரின் பேனா நின்றது. பிணத்தை இன்னும் யாரும் தூக்கவே இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"தூக்குங்க" என்றாள் ஈவாஞ்சலின்.

தூக்கினார்கள். அடியில் உப்பு. சமமாக, நேர்த்தியாக, உப்பளப் பாத்தியில் வாருவதற்கு முன்னால் இருப்பதுபோலப் பரத்தியிருந்தது.

"ஏலே லிங்கராஜ்" என்றாள். மரியாதை எல்லாம் போய்விட்டது. "அடியில ரெண்டுன்னு உனக்கு யாருலே சொன்னா?"

லிங்கராஜின் கையிலிருந்த பொட்டலம் புல்லில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் எதையும் மறைக்கவில்லை. அண்ணன் வீட்டை விற்கச் சம்மதிக்கவில்லை. மதினி கோயில் கொடைத் திருவிழாவுக்கு உடன்குடி போயிருந்த மூன்று நாளில் காரியம் முடிந்துவிட்டது. பத்திரத்தில் கையெழுத்தும் அவனே போட்டது. தெருவில் நாற்றம் கிளம்பக் கூடாது என்று குடோனிலிருந்து உப்பு. சரக்கு இறக்கிய கதையைச் சொல்வதுபோலச் சொன்னான். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஈவாஞ்சலின் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்தான்.

"இந்தத் தோட்டத்துக்கு மட்டும் நாலு லட்சம் ஆச்சு மேடம்."

அவனை ஜீப்பில் ஏற்றியதும் அவள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். இரண்டு தடவை கழுவியும் அந்த அருவருப்பு போகவில்லை.

திரும்பி வந்தபோது செல்லத்தாய் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வீடு வாங்க வர்ற கோயம்புத்தூர் பார்ட்டி நம்பர் இருக்காம்மா? வர வேண்டாம்னு சொல்லிரணும்."

"ஜெயகணேஷ் சாரா? அவரு வரமாட்டாரு மேடம்."

"ஏன்?"

"வீடு வாங்க அவருகிட்ட ஏது துட்டு? ஸ்கூல் வாத்தியாரு. என்கூடப் படிச்சவ வீட்டுக்காரரு."

ஈவாஞ்சலின் அவளையே பார்த்தாள்.

"தோட்டம் வேணும், திட்டு இருக்கக் கூடாதுன்னு அவரு சொன்னது..."

"நான் சொல்லச் சொன்னது. மூணு ஐப்பசி மழையிலயும் அந்த ஆறடியில ஒரு அருகம்புல்லு மொளைக்கல மேடம். உப்பளத்துக்காரன் பொண்டாட்டிக்கு அது தெரியாதா? அங்க தோண்டுங்கன்னு உங்க ஸ்டேஷன்ல ஏழு மனு குடுத்தேன்."

ஈவாஞ்சலின் இந்த ஸ்டேஷனுக்கு வந்து நாலு மாதம்தான். ஆனாலும் தலை குனிந்தது.

"அதுக்காக... கொலைகாரன் கையாலயே தோட்டம் போட வச்சியா?"

செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன செய்ய மேடம்? நியாயம்னு சொன்னேன், போலீஸ் மண்வெட்டி எடுக்கல. வெலை கூடும்னு சொன்னேன்... என் கொழுந்தன் கூலி குடுத்துத் தோண்டித் தந்துட்டான்!"