ஓபோ இல்லாத பெட்டி

திங்கள் காலை 7:50. மேக்கன் நகர அரசுக் கலைப்பள்ளியில், இசையாசிரியர் லீலண்ட் கேஸ்கின் பூட்டிய அலமாரியைத் திறந்தார். ஓபோவின் பெட்டி இருந்தது. ஓபோ இல்லை.

பள்ளியில் இருந்ததே அந்த ஒரு ஓபோதான்; நாதஸ்வரம் மாதிரி ஊதும் மரக்குழல். பத்து மணிக்கு மாநில இளையோர் இசைக்குழுவுக்குத் தேர்வு. வாசிக்க வேண்டியவள் ஷனீஸ் டால்பர்ட். வயது பதினாறு. குலுக்கலில் இந்தப் பள்ளியில் இடம் கிடைத்து, ஊரின் மறுகோடியிலிருந்து வருகிறவள்.

8:05. பள்ளிக் காவல் அதிகாரி ஆர்லீன் மிம்ஸ் வந்து சேர்வதற்குள், துணை முதல்வர் திருமதி சேயர் முடிவே கட்டிவிட்டார்.

"ஷனீஸ்தான். வீட்டுக்குக் குடுங்கன்னு வாரம் பூரா கெஞ்சினா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்துட்டுப் போயி எங்கியோ தொலைச்சிருப்பா."

"நான் தொடவே இல்ல மேடம்!" என்றாள் ஷனீஸ். "பஸ் லேட். நான் உள்ள வந்ததே இப்பத்தான்."

"டிரைவர்கிட்ட கேட்டுட்டேன் கண்ணு. எட்டு மணிக்குத்தான் இறக்கிவிட்டாராம்," என்றார் மிம்ஸ்.

பிறகு பெட்டிக்குள் பார்த்தார். ஓர் ஆரஞ்சுத் தோல் கிடந்தது.

"இது என்ன சார், குப்பையா?"

"இல்ல. குளிர்காலத்துல மரம் காஞ்சு வெடிக்காம இருக்க வைப்போம்," என்றார் கேஸ்கின். "வெள்ளிக்கிழமை நான்தான் வெச்சேன். அப்புறம் அலமாரியத் திறக்கவே இல்ல."

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு."

"ஆபீஸ் எப்பத் திறந்தீங்க மேடம்?"

"எட்டு மணிக்கு. முதல்ல இந்த ஹீட்டர நிறுத்தச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து ஓடுது. உதடெல்லாம் வெடிக்குது."

மிம்ஸ் தோலைக் கிள்ளினார். விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"மேடம், ஷனீஸ், கொஞ்சம் உட்காருங்க. சார், நீங்க உண்மையச் சொல்லிடுங்க."

மிம்ஸ் தோலை அவர் முன் நீட்டினார்.

"மூணு நாள் ஹீட்டர் ஓடின ரூம்ல, வெள்ளிக்கிழமை வெச்ச தோல் சருகாயிருக்கும். இது சாறு விடுது. இன்னிக்குக் காலைல உரிச்சது. ஆபீஸ் திறக்குறதுக்கு முன்னாடி சாவி உங்க ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு. திருட வர்றவன் புதுத் தோல் வைக்க மாட்டான் சார். ஓபோ மேல பிரியம் உள்ளவன்தான் வைப்பான்."

கேஸ்கின் பியானோ இருக்கையின் மூடியைத் தூக்கினார். உள்ளே கம்பளித் துண்டில் சுற்றிய ஓபோ. மேற்பகுதியில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"வெள்ளிக்கிழமை தோல் வைக்க மறந்துட்டேன். ஏழு மணிக்கு ஓடி வந்து வெச்சேன். அப்பத்தான் விரிசலப் பாத்தேன். போன வருஷம் ஒண்ணு வெடிச்சப்பவே கல்வி வாரியம் சொல்லிடுச்சு, இன்னொண்ணு போச்சுன்னா வகுப்பையே மூடிடுவோம்னு. நாப்பது பிள்ளைங்க... திருட்டுன்னா மூட மாட்டாங்கன்னு..."

"அவங்க எம்மேல பழி போட்டப்போ நீங்க சும்மா நின்னீங்களே சார்," என்றாள் ஷனீஸ்.

அவர் தலை குனிந்தார். "தப்பு. பெரிய தப்பும்மா."

சேயர் அவள் தோளைத் தொட்டார். "நானும்தான். மன்னிச்சுக்கோ."

ஷனீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். 8:25. "இத ஒட்ட முடியுமா?"

"பசை போட்டா இன்னிக்குத் தாங்கும். ஆனா ஒட்டும்போது ஒருத்தர் இறுக்கிப் பிடிக்கணும்."

"நான் பிடிச்சுக்கிறேன். நீங்க ஒட்டுங்க."

10:20. தேர்வு அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஓபோ ஒலித்தது. நடுவில் எங்கும் தடுமாறவில்லை. கேஸ்கின் வெளியே உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் வாரியத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வாரியத்தின் பதில் வந்தது. கேஸ்கினுக்குக் கண்டனம், வகுப்பு தொடரலாம். அன்று மதியமே தேர்வுப் பட்டியலும் ஒட்டப்பட்டது. ஷனீஸ் அதை மனசுக்குள் இரண்டு முறை படித்துவிட்டு, மிம்ஸின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நீங்க படிங்க மேடம். சத்தமா."

தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி மிம்ஸ் அவள் பெயரைப் படித்தார்.