கடல் தண்ணி என்று நினைத்தான்

டப்...

ஜெஸ்னா மடியில் வைத்திருந்த வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பாறசாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பாக்கியம் என்று இருந்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நிமிர்ந்தாள். குனிந்து நின்றவனுக்கோ... அம்மாடி, மழை கழுவிவிட்ட மாதிரி கண்கள்!

"தடுமம் உண்டுன்னா மூக்கில துணி வச்சுப் பொத்தப்பிடாதா?"

"தடுமம் இல்ல... கடல் தண்ணியாக்கும்," என்றான் ஜினோ, வெட்கத்தோடு. "மூணு நாள் முன்ன வள்ளத்தில தலை இடிச்சு கடல்ல விழுந்தேன். அந்தத் தண்ணி இப்பவும் இறங்குது. குனிஞ்சா ஒத்த மூக்கில ஒழுகும்... உப்புக் கரிக்கும்."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுப்பவள் ஆயிற்றே! மூளையைச் சுற்றியிருக்கும் நீரும் உப்புக் கரிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்கூட இறங்குங்க."

"நாளைக்குக் கடலுக்குப் போணும். எனக்க தலைக்கு ஒண்ணும் இல்ல."

"இறங்குங்கன்னு சொன்னேன்லா!"

அலைக்கு அடங்காதவன் அந்த அதட்டலுக்கு அடங்கிப்போனான். டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு எழுதினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பை மெல்லிய மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தாள் ஜெஸ்னா. மூக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடியில்... முடி போல ஒரு விரிசல்.

"அது வழியா கிருமி ஏறியிருந்தா உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டர். "நல்ல நேரத்தில கூட்டிட்டு வந்தே, ஜெஸ்னா."

பத்து நாள் படுக்கையில் கிடந்தான். ஒழுக்கு நின்றது. ஆனால் ஜினோ நிற்கவில்லை! சனிக்கிழமை தோறும் நெய்மீனோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவான். அவளும் சனிக்கிழமையை எண்ணத் தொடங்கிவிட்டாள். அதுதான் அவளைச் சுட்டது. நன்றிக்காக வருகிறவனை நம்பி மனசை விடுவதா?

"நன்றி சொல்லியாச்சுல்லா? இனி வரண்டாம்," என்றாள் ஒருநாள், வீம்பாக.

"நன்றி டாக்டருக்கும் உண்டு," என்றான் அவன். "அவரைப் பாக்கவா நான் ரெண்டு பஸ் ஏறி வாறேன்? எனக்கு நிங்கள வேணும், ஜெஸ்னா..."

தலை குனிந்தான். ஒரு சொட்டு விழுந்தது.

"அய்யோ, பின்னயும் ஒழுகுதா! வாங்க, ஸ்கேன் எடுப்போம்..."

"மூக்கில்ல... கண்ணாக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெள்ளைக் கோட்டின் நுனியாலேயே அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கும் நிங்கதான் வேணும். நன்றியும் உண்டு... அன்னைக்குத் துணி வச்சுப் பொத்தாம நின்னீங்களே, அதுக்கு."