சென்ட் ரெண்டு லட்சம்... உயிர் இலவசம்!

"ஐயோ...! பெரியய்யா...!"

நடவுக்காரி அம்சத்தின் அலறலில் வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

நடவுக்கு வந்திருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் வரப்பிலேயே நின்றார்கள்.

சேற்றில் ஒரு முதுகு தெரிந்தது.

முகம் முழுதாய்ச் சேற்றுக்குள்!

பின்மண்டையில் மண்வெட்டி இறங்கிய பிளவு... சுற்றிலும் கணுக்கால் தண்ணீர் சிவப்பாய்க் கிடந்தது!

பஞ்சநதம்.

திருக்காட்டுப்பள்ளி சாலையை ஒட்டி மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வைத்திருந்த மனுஷன். நேற்று மாலை வரை, "தண்ணி நல்லா நிக்குது, காலையில நடவு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். இப்போது அதே தண்ணீரில் குப்புறக் கிடந்தார்.

மகள் அமிர்தம் செருப்பைக் கூடப் போடாமல் ஓடி வந்தாள். அம்மா இல்லாத ஒரே பெண். பட்டப்படிப்பு முடித்துவிட்டு அப்பாவோடு சேற்றில் இறங்கியவள். அப்பாவைப் புரட்டி, மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த சேற்றை விரலால் வழித்தாள். அழவில்லை... வழித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே...! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேண்ணே!"

மார்பில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தார் மதிவாணன். பஞ்சநதத்தின் தம்பி. அடுத்த வயல் அவருடையது. அண்ணன் வயலை விடப் பள்ளம்.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குந்தவை இறங்கினாள். புருவத்தைச் சுருக்கியபடி அமிர்தத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டாள்.

"யார் மேலம்மா சந்தேகம்?"

"சந்தேகம் எல்லாம் இல்ல மேடம். பேரே சொல்றேன்... சாமிதுரை!"

ரியல் எஸ்டேட்காரன் சாமிதுரையைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. ஐந்து வருஷம் முன்பு ஏக்கர் பத்து லட்சம் என்றாலும் நாய் சீண்டாத பூமி அது. பைபாஸ் வருகிறது என்று யாரோ தும்மினார்கள். அவ்வளவுதான்! மா கணக்கில் பேசியவர்கள் சென்ட் கணக்குக்கு மாறினார்கள். சென்ட் ரெண்டு லட்சம்!

சாமிதுரை பின்னால் இருந்த வயல்களை எல்லாம் வளைத்துப்போட்டான். மூலைக்கு மூலை மஞ்சள் கல் நட்டான். மதிவாணன் வயலின் மூலையில், வரப்போரமாகவும் ஒரு கல் நின்றது.

ஒரே ஒரு குறை... வாங்கியதற்கெல்லாம் வழி இல்லை! ரோட்டுக்கு வர ஒரே வாசல், அண்ணன் தம்பியின் கூட்டுப் பட்டா நிலம். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"என் கழுத்தை அறுத்தாலும் போட மாட்டேன்!" என்றார் பஞ்சநதம்.

"எங்கண்ணன் சொல்லுதான் என் சொல்லு!" என்று ஊர்க்கூட்டத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார் மதிவாணன்.

இப்போது அண்ணன் கழுத்துக்கு மேலே வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

ஸ்டேஷன்.

சாமிதுரை கழுத்துச் சங்கிலியை வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"நேத்து ராத்திரி எங்கடா இருந்தே?"

"மயிலாடுதுறையில புது ஆபீஸ் பூஜை மேடம். என் பசங்க அத்தனை பேரும் அங்கதான். கேமரா இருக்கு, பாத்துக்கங்க."

"மிரட்டினியா இல்லையா?"

"மிரட்டினேன்! வியாபாரம்னா மிரட்டாம எப்படி? ஆனா கொலை பண்ணுவேனா மேடம்? கொலை விழுந்தா நிலம் வழக்குல மாட்டும். கஸ்டமர் ஓடிருவான். எனக்கு நஷ்டம் மேடம், நஷ்டம்!"

பளார்!

சங்கிலி அறுந்து தரையில் விழுந்தது.

"ஒரு மனுஷன் செத்திருக்கான். நீ நஷ்டக் கணக்கு பாக்குறியா?"

அடித்தாளே தவிர அடைக்க முடியவில்லை. கேமராவில் அவனும் அவன் ஆட்களும் விடிய விடியப் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள்.

பிறகு யார்...?

தகனம் முடிந்த மறுநாள், பட்டப்பகலில் அமிர்தத்தின் வீட்டுக் கதவு உடைந்தது.

மூன்று பேர். முன்னால் வந்தவன் கறுப்புச் சட்டை.

"கையெழுத்து போடும்மா. அப்பன் கூடவே போகணுமா உனக்கு?"

"வெளிய போடா!"

சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் இடி விழுந்தது. உதடு கிழிந்தது. கூந்தலைப் பிடித்துச் சுவரோடு மோதினான். ஒருமுறை... இருமுறை... சுண்ணாம்பில் ரத்தம் அப்பியது!

"சாமிதுரை அண்ணன் பொறுமையான ஆளு. நான் அப்படி இல்ல!"

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பு வரை இறங்கியது. அவன் ஊளையிட்டுக்கொண்டே அவள் வயிற்றில் உதைத்தான்.

"டேய்...!"

வாசலில் மதிவாணன். கையில் அரிவாள்!

வீசியது மட்டும்தான் தெரிந்தது. கறுப்புச் சட்டையின் இரண்டு விரல்கள் தரையில் விழுந்து துள்ளின!

"எங்கண்ணன் பொண்ணு மேலயாடா கை வெக்கிறீங்க?"

மூவரும் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடினார்கள். விரல்கள் மட்டும் தங்கிவிட்டன.

மதிவாணன் அவளைத் தூக்கி உட்கார வைத்தார். துண்டால் உதட்டைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"பாப்பா... நான் ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"சொல்லுங்க சித்தப்பா."

"வித்துடுவோம்மா."

அமிர்தம் நிமிர்ந்தாள்.

"நீங்களா சொல்றீங்க?"

"நானேதான். அண்ணனைக் குடுத்துட்டேன். உன்னையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல. நிலம் போனா போவுது... உசுரு வேணும்மா."

அடிபட்ட இடமெல்லாம் வலித்தது. அப்பாவின் வயலை விட்டால் அப்பாவையே இரண்டாம் முறை எரித்த மாதிரி. விடாவிட்டால் அடுத்த பாடை அவளுக்கு!

"யோசிச்சு சொல்றேன் சித்தப்பா."

"யோசி. சீக்கிரமா யோசி."

மறுநாள் மாலை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அமிர்தம் அப்பாவின் மண்வெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். போலீஸ் எடுத்துப் போயிருந்தது. இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தாள். விற்பதென்று முடிவாகிவிட்டால், அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

வயலில் தண்ணீர் இன்னும் நின்றது. அப்பா விழுந்த இடத்துக்கு எதிரே வரப்பு கன்னாபின்னாவென்று மிதிபட்டிருந்தது. சண்டை நடந்த இடம். அப்பா சும்மா சாகவில்லை... புரண்டு, போராடித்தான் செத்திருக்கிறார்.

அவள் குனிந்தாள்.

மிதிபட்ட வரப்பின் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு மண் மட்டும் புதுசு. வைக்கோலைத் திணித்து, களிமண் கட்டியை வைத்து, மேலே காலால் மிதித்து, கையால் தட்டி... கச்சிதமாய் அடைத்திருந்தது.

சண்டையில் வரப்பு உடைந்திருக்கிறது!

உடைந்தால் அப்பா வயல் தண்ணீர் முழுக்கக் கீழே பாய்ந்து, விடிவதற்குள் வயல் வற்றியிருக்க வேண்டும். ஆனால் அப்பா கிடந்தது கணுக்கால் தண்ணீரில்...

அப்படியென்றால் கொன்ற கையோடு, பக்கத்தில் பிணம் கிடக்க, ஒருவன் குனிந்து நின்று நிதானமாய் வரப்பை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

எந்த ரவுடி வரப்பை அடைப்பான்?

அவள் பார்வை கீழே இறங்கியது. பள்ளத்தில் சித்தப்பாவின் நாற்றங்கால். முளை கட்டிய விதை தெளித்து, இப்போதுதான் பச்சை விட்டிருந்தது. அன்றைக்கு மேலே இருந்து தண்ணீர் பாய்ந்திருந்தால் விதை அத்தனையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

அமிர்தம் புது மண்ணில் விரலை அழுத்திப் பார்த்தாள்.

"என்ன பாப்பா... தனியா வந்திருக்கே?"

முதுகுக்குப் பின்னால் மதிவாணன்!

அவள் திரும்பவில்லை.

"சித்தப்பா, உங்க நாத்து நல்லா வந்திருக்கு."

"ஆமாம்மா. நல்ல வெதை."

"அன்னிக்கு இந்த வரப்பு உடைஞ்சுதே... நீங்க அடைக்கலேன்னா எல்லாம் போயிருக்கும்ல?"

"பின்னே? ஒரு மணி நேரத்துல வழிச்சுக்கிட்டு..."

நாக்கு நின்றது.

"அப்பா சாகும்போது பக்கத்துல இருந்தது நீங்கதானா?" அமிர்தத்தின் குரல் உடைந்தது. "ஏன் சித்தப்பா?"

மதிவாணனின் முகத்தில் இருந்த பாசம் வழிந்து இறங்கிவிட்டது.

"ஏனா? ரெண்டு கோடிடி! சாமிதுரைகிட்ட அட்வான்ஸ் வாங்கி வருஷம் ஓடிப்போச்சு. உங்கப்பன் கையெழுத்து போட மாட்டேங்கறான். கால்ல கூட விழுந்தேன்... 'மண்ணை விக்கிறவன் என் தம்பியே இல்ல'ன்னான். சரிதான், அண்ணனே இல்லேன்னு ஆக்கிட்டேன்!"

"நேத்து வந்த ரவுடிங்க?"

"நான் வரச் சொன்னவனுங்கதான். ஒரு அறை விடுங்கடான்னா ஓவரா போயிட்டானுவ. எனக்கே கோவம் வந்துருச்சு."

"விக்கப்போற நிலத்துல எதுக்கு நாத்து விட்டீங்க?"

அந்தக் கேள்வி அவரைக் கொஞ்சம் தடுமாற வைத்தது.

"ஆத்துல தண்ணி வந்துருச்சே... கை சும்மா இருக்குமா?"

அடுத்த கணம் பாய்ந்தார்!

கழுத்தைப் பிடித்து வயலுக்குள் தள்ளினார். முதுகில் முழங்காலை ஊன்றி, முகத்தைச் சேற்றில் அழுத்தினார். மூக்கில் சேறு... வாயில் சேறு... காதுக்குள் குமிழி வெடிக்கும் சத்தம்!

"அப்பன் செத்த எடத்துலேயே பொண்ணும் தண்ணியில விழுந்து செத்துட்டாளேன்னு ஊரு அழுவும்! வாரிசு நான்தாண்டி!"

அமிர்தத்தின் கை சேற்றில் துழாவியது. ஒரு பிடி அள்ளியது. பின்பக்கமாய் வீசியது!

"ஆ...!"

இரண்டு கண்ணிலும் களிமண்! பிடி தளர்ந்தது. அவள் உருண்டாள். முழங்கையால் அவர் மூக்கை நொறுக்கினாள். எலும்பு 'மளுக்'கென்றது! தவழ்ந்து போய் மண்வெட்டியைப் பிடித்தாள்.

மதிவாணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வரப்பில் ஏறினார். இடுப்பிலிருந்து அரிவாள் வெளியே வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் மீசையில் வழிந்தது.

"விடமாட்டேன்டி...!"

ஓங்கினார்.

அவர் நின்றிருந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. அமிர்தம் பார்த்தாள்.

அவரே அடைத்த புது மண்!

மண்வெட்டியை அவர் கழுத்துக்கு வீசவில்லை. அவர் காலடிக்கு வீசினாள். ஒரு கொத்து... இன்னொரு கொத்து! வைக்கோல் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் சீறியது. வரப்பு அப்படியே பிளந்து சரிய, மதிவாணன் மல்லாக்கப் பின்னால் சாய்ந்தார்.

பின்னால் சாமிதுரையின் மஞ்சள் கல்.

'ணங்!'

தேங்காய் உடைபடுகிற சத்தம். கை கால் இரண்டு முறை இழுத்தது. பிறகு தண்ணீர் அவர் மேல் பாய்ந்து, அவர் காப்பாற்றி வைத்த நாற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது.

ரோட்டில் ஜீப் அலறிக்கொண்டு நின்றது. குந்தவை துப்பாக்கியோடு ஓடி வந்தாள்.

"அமிர்தம்! மதிவாணன்தான் உள்ளாளு... விரல் போனவன் ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் உளறிட்டான்..."

மல்லாந்து கிடந்த மதிவாணனைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்கினாள்.

ஜீப்பின் பின்னால், அடியாட்களை அனுப்பியதற்காகக் கையில் விலங்கோடு சாமிதுரை எட்டிப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். கல்லில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"போச்சு... எல்லாம் போச்சு! என் லேஅவுட்டு வாசல்லயே ரெண்டு துர்ச்சாவு! இனி சென்ட் ரெண்டு ரூபான்னாலும் எவன் வாங்குவான்? பேய் இருக்கு, பிசாசு இருக்குன்னு ஊரே சொல்லுமே!"

அமிர்தம் வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். மண்வெட்டியை ஊன்றி எழுந்தாள். கண்ணீர் இப்போதுதான் வந்தது. ஆனாலும் நேராய் வரப்பின் உடைப்புக்குப் போய், ஒரு களிமண் கட்டியை வெட்டி அணை போட ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றாள் குந்தவை.

"தண்ணி வீணாப் போவுது மேடம். நாளைக்கு நடவு." அவள் சாமிதுரை பக்கம் திரும்பினாள். "அண்ணே, பேய் இருக்குன்னு ஊரெல்லாம் நல்லா சத்தமா சொல்லுங்க. எங்கப்பா காவலுக்கு நிப்பாரு... சித்தப்பா வந்தா நடவுல எறக்கி விட்டுர்றேன். ஆள் கெடைக்கறதே இல்ல!"