காலி ராட்டினத்தின் பாரம்

ஆள் இல்லாமல் சுற்றுகிற ராட்டினத்துக்கு மோட்டார் இப்படி மூச்சு வாங்கக் கூடாது.

கடலோரப் பூங்காவில் அன்று மாலை அவள் சோதிக்க மிச்சமிருந்தது இந்த ராட்சத ராட்டினம் ஒன்றுதான். விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போடுவது அவளுடைய வேலை. காலையிலிருந்து ஏணி ஏறி இறங்கியதில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. உப்பும் துருவும் பழைய கிரீஸும் கலந்த வாடை மூக்கிலேயே குடியேறிவிட்டது. மேகம் கவிந்த கடலிலிருந்து வந்த ஈரக்காற்று மூடிக்கிடந்த கடைகளின் தகரக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும். ஆனால் மோட்டார் இழுக்கும் பாரத்தைக் காட்டும் மீட்டரின் முள், பெட்டிகள் எல்லாம் ஆட்களால் நிறைந்திருந்தால் எங்கே நிற்குமோ அங்கே நின்றது.

"உங்க மோட்டார் என் முழங்காலைவிட மோசமா முனகுதே, அண்ணே."

ராட்டினத்தை ஓட்டுகிறவரை எல்லாரும் ஸ்விட்ச் என்றுதான் கூப்பிட்டார்கள். "உப்புக்காத்து மேடம்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேரிங்குகளைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. பிரேக் எங்கும் உரசவில்லை. வேறு மீட்டர் வைத்துப் பார்த்தாள். முள் அதே இடத்தில்.

"இதுல எப்பவாவது விபத்து நடந்திருக்கா?"

"இதுலேர்ந்து ஒருத்தர்கூட விழுந்ததில்ல மேடம்." கடல் பக்கம் திரும்பினார். "எங்கப்பா ஓட்டின காலத்துல, ஏறுறதுக்கான வரிசை கடல் பக்கம் ஒரு மரப்பாலத்துல நிக்கும். ஒருநாள் அலை பாலத்தையே அள்ளிட்டுப் போயிடுச்சு. மேல சுத்திக்கிட்டிருந்தவங்க எல்லாரும் பத்திரமா எறங்கிட்டாங்க. டிக்கெட் வாங்கிக் காத்துக்கிட்டு நின்னவங்கதான்…"

"அதுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு பெட்டியா கீழ நிறுத்துங்க. கதவத் திறந்து பாத்துடலாம்."

"வேண்டாம் மேடம். அப்புறம் ஏறி உக்காந்துட்ட அந்த வரிசைக்காரங்கள எறக்கி மட்டும் விட்டுடாதேன்னு அப்பா சொல்லிட்டுப் போனார். சுத்திக்கிட்டே இருந்தா அவங்க பாட்டுக்கு இருப்பாங்க."

"அண்ணே, நான் வீட்டுக்குப் போகணும். நிறுத்துங்க."

முதல் பெட்டி மேடைக்கு வந்தது. கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் இருக்கை, ஓரத்தில் தேங்கிய மணல். மூடப் போனவளின் கையில் பெட்டி ஒருமுறை குலுங்கியது, கனத்த ஆள் இறங்கினால் குலுங்குமே அப்படி. அவள் காலடியில் மேடைப் பலகை அழுந்திக் கிரீச்சிட்டது.

ராட்டினம் மறுபடி நகர்ந்ததும் முள் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த பெட்டி. குலுக்கல். பலகைச் சத்தம். முள் இறங்கியது.

அடுத்தது. இந்தமுறை லேசான குலுக்கல். சின்னக் கால்கள்.

இதோடு போதும் என்று சொல்லியிருக்கலாம். பாதி வேலையில் விட்டால் நாளை மறுபடி வர வேண்டும் என்ற நினைப்புதான் ஓடியது. கதவு. குலுக்கல். கிரீச். பலகையெல்லாம் ஈரம். அவள் நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்தது.

கடைசியில் மோட்டார் லேசாக, சுகமாக ஓடியது. முள் சரியான இடத்தில். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"இனி அவங்க எங்க போவாங்க மேடம்?" ஸ்விட்ச் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மின்சாரத்தை அணைத்தார். சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் வேலியோரமாக ஓடினார்.

தூறல் தொடங்கியிருந்தது. மணலோரம் நிறுத்தியிருந்த தன் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, ஸ்டியரிங்மீது நெற்றியைச் சாய்த்தாள். கண் செருகியது.

பின் கதவு திறந்தது.

காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அழுகிய கடற்பாசி வாடை. அவள் தலையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். பின் இருக்கையின் பெல்ட் நிதானமாக இழுபட்டு, எதுவும் இல்லாத இடத்தில் ஒரு மார்பளவுக்குப் புடைத்து, பூட்டிக்கொண்டது. கிளிக். பக்கத்துப் பெல்ட். அது தாழ்வாக, குழந்தை அளவுக்கு. கிளிக்.

கதவு மூடவில்லை.

வெளியே, ராட்டினத்திலிருந்து கார்வரை, ஈரமணலில் கால்தடங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, இடித்துக்கொள்ளாமல், ஒழுங்கான வரிசை. எல்லாம் காரைப் பார்த்து.

முன்னால் இருந்த ஜோடித் தடம் ஓரடி நகர்ந்தது.

பின்னால் இருந்தவை எல்லாம் ஓரடி நகர்ந்தன.